‘உதவி மிஷனரி’ என்று எழுதப்பட்ட பெண்கள்

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், கதை வழமையாக இரண்டு பக்கத்தில் ஒன்றில் போய் நிற்கும். ஒரு பக்கம், வட்டுக்கோட்டை செமினரியும் மானிப்பாய் ஆஸ்பத்திரியும் அகராதியும் ‘உதயதாரகை’யும் தந்த புண்ணியவான்கள். மற்றப் பக்கம், மதம் மாற்ற வந்தவர்கள். இரண்டு பக்கத்திலும் வந்துபோறது ஆண்கள்தான்: டானியல் பூர், வின்ஸ்லோ, கிறீன், அவர்களுக்கு எதிரே நாவலர். அந்த மிஷனின் பெரும்பகுதி ஒரு வீட்டுக்குள்ளேதான் நடந்தது என்பது எங்கட வரலாற்றுப் பேச்சில் வருவதே குறைவு. நாங்கள் இங்கே பார்க்க நினைப்பது அந்த வீட்டைத்தான்.

தொடக்கத்திலேயே ஒரு மனைவியின் மரணம் இருக்கு. 1812இல் அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பிய முதல் குழுவைக் கிழக்கிந்தியக் கம்பனி இந்தியாவில் தங்க விடவில்லை. சாமுவேல் நியூவெல்லும் மனைவி ஹரியற்றும் மொரிசியஸுக்குப் போனார்கள். கப்பலில் பிறந்த குழந்தை இறந்தது. 1812 நவம்பரில் ஹரியற்றும் இறந்தார். வயது 19. தனியாக இலங்கைக்கு வந்த நியூவெல், யாழ்ப்பாணம் ஊழியத்துக்கு ஏற்ற இடம் என்று தன் சங்கத்துக்கு எழுதினார். அதன் விளைவாகத்தான் 1815 ஒக்டோபரில் ‘டிரையட்’ என்ற கப்பல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, ஐந்து மாதம் கடலில் கிடந்து, 1816 மார்ச்சில் கொழும்புக்கு வந்தது. பூர், மெய்க்ஸ், றிச்சர்ட்ஸ் மூவரும் மனைவிமாரோடு வந்தார்கள். வாரன் மட்டும் தனியாள்.

மிஷனரி ஒருவர் மணம் முடித்துவிட்டுப் போவதையே சங்கம் விரும்பியது. துணைக்கு ஆள் வேணும் என்பது ஒரு காரணம். ‘கிறிஸ்தவக் குடும்பம்’ எப்படி இருக்கும் என்று ஊருக்குக் காட்டுவது இன்னொன்று. கணவனும் மனைவியும் ஒன்றாக மேசையில் இருந்து சாப்பிடுவதும், மனைவி எழுத வாசிக்கத் தெரிந்தவளாக இருப்பதும், வீட்டில் குடும்ப ஜெபம் நடப்பதும் பிரசங்கத்தின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டன. ஆனால் சங்கத்தின் பட்டியல்களில் கணவர் ‘மிஷனரி’, மனைவி ‘உதவி மிஷனரி’. கொடுப்பனவு குடும்பத்துக்கு. மனைவிக்கென்று தனிச் சம்பளம் இல்லை.

இந்த ‘உதவி’ எவ்வளவு பெரியது என்பது 1820க்குப் பிறகு தெரியவருது. அந்த வருடம் மிஷனுக்காக வந்த அச்சுத் தொழிலாளர் ஜேம்ஸ் கரட்டை, பதில் ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். புதிய அமெரிக்க மிஷனரிகள் வரவும் தடை. அது 1833 வரை நீடித்தது. வாரன் 1818இலும் றிச்சர்ட்ஸ் 1822இலும் இறந்துவிட்டார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று ஐந்து நிலையங்களுக்கு எஞ்சியது ஆறு ஆண்கள்தான். ஆனாலும் அந்தப் பதின்மூன்று வருடத்தில் மிஷன் சுருங்கவில்லை. வட்டுக்கோட்டை செமினரியும் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தொடங்கியது இந்தத் தடைக் காலத்தில்தான். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது, தையல் பழக்குவது, விடுதிப் பிள்ளைகளைப் பராமரிப்பது, ஊர்ப் பெண்களிடம் போய்க் கதைப்பது எல்லாம் பெருமளவில் மனைவிமாரின் தலையில் விழுந்தன. இடையிடையே அவர்கள் பிள்ளை பெற்றார்கள், பிள்ளைகளைப் புதைத்தார்கள், தாங்களும் இறந்தார்கள். சூசன் பூர் 1821இல் தெல்லிப்பழையில் இறந்தார். இரண்டு வருடத்தில் டானியல் பூர் மறுமணம் செய்தார். மணமகள் ஆன், நல்லூரில் ஊழியம் செய்த ஆங்கிலேயப் பாதிரியார் ஜோசப் நைற்றின் சகோதரி. மிஷன் வீடு மனைவி இல்லாமல் கனகாலம் ஓடாது.

உடுவில் பாடசாலை 1824இல் ஹரியற் வின்ஸ்லோவின் பொறுப்பில் தொடங்கியது. அடைமழையில் வீட்டுக்குப் போக முடியாமல் மிஷன் வீட்டில் தங்கி, பசியில் அங்கேயே சாப்பிட்ட சிறுமிகளோடுதான் விடுதி பிறந்தது என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுது. அந்நியர் வீட்டில் சாப்பிடுவது சாதியை இழப்பதற்குச் சமனாக இருந்த ஊரில், அந்த ஒரு நேரச் சாப்பாடு சின்ன விஷயமில்லை.

ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பாடசாலை என்று இதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஏன் தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும். செமினரியில் படித்துக் கிறிஸ்தவராகும் பொடியன்மாருக்குப் படித்த கிறிஸ்தவ மனைவி தேவைப்பட்டது. சைவக் குடும்பத்தில் மணம் முடித்தால் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற பயம் மிஷனுக்கு இருந்தது. ஆகவே படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்பிள்ளைக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. எங்கட ஊர்ப் பெண் கல்வி வரலாற்றின் முதல் பக்கத்தில் பாடப்புத்தகத்துக்குப் பக்கத்திலேயே சீதனமும் இருக்கு. ஊர் வழமையை மாற்ற வந்தவர்கள், இந்த ஒரு வழமையைத் தங்கட தேவைக்கு எடுத்துப் பாவித்தார்கள்.

பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றால், தான் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாங்கள் இன்றும் வாசிக்கும் அறிஞர்களின் முன்பெயர்களில் அந்த நடைமுறையின் தடம் இருக்கு. அவர்கள் தங்கட தமிழ்ப் பெயரையும் சேர்த்து நிலைநிறுத்தினார்கள். உடுவில் பிள்ளைகளில் எத்தனை பேரின் தமிழ்ப் பெயர் எங்களுக்குத் தெரியும்?

இந்தக் குடும்ப ஏற்பாட்டின் விலையை மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். சூழலும் காலநிலையும் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்ற எண்ணத்தில், ஓரளவு வளர்ந்ததும் அவர்களை அமெரிக்காவுக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. ஹரியற் வின்ஸ்லோவின் மகன் சாள்ஸ் 1821 ஜனவரியில் இலங்கையில் பிறந்தவன். படிப்புக்காகக் கப்பலேறிய அவன் 1832 மே மாதம் நியூயோர்க்கில் இறந்தான். வயது 11. எட்டு மாதம் ஆகமுதல், 1833 ஜனவரியில், தாயும் உடுவிலில் இறந்தார். ஊராரின் மகள்மாரைத் தன் வீட்டில் வைத்து வளர்த்த அந்தப் பெண், தன் மகனைக் கடலுக்கு அப்பால் அனுப்பியிருந்தார். இதைத் தியாகம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. எங்கட பிள்ளைகள் வளர்வதற்கு ஆகாத சமூகம் என்று யாழ்ப்பாணத்தைப் பற்றி அந்த வீட்டுக்குள் இருந்த தீர்ப்பும் அதே பயணத்தில்தான் தெரியுது.

ஹரியற்றுக்குப் பிறகு மேரி ஸ்போல்டிங் பாடசாலையைப் பார்த்தார். 1840இல் எலைசா அக்னியூ வந்தார். மணமாகாதவர். 1879 வரை உடுவிலில் படிப்பித்து, ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பாமல் 1883இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். ‘ஆயிரம் மகள்மாரின் தாய்’ என்று அவரை அழைத்தார்கள். மனைவியும் இல்லாத, பிள்ளை பெறாத ஒரு பெண்ணைப் புகழவும் ‘தாய்’ என்ற சொல்தான் தேவைப்பட்டிருக்கு. ஆனால் மனைவியாவதற்காகப் படித்த பிள்ளைகள் நாள்தோறும் கண்டது, சொந்த வேலையால் வாழும் ஒரு பெண்ணை. அவர்களில் பலர் பிறகு ஊர்ப் பாடசாலைகளில் ஆசிரியைகளாகவும், வீடு வீடாகப் போன வேதாகமப் பெண்களாகவும் உழைத்தார்கள். மிஷன் நினைத்த நோக்கத்தோடு அந்தக் கல்வி நின்றுவிடவில்லை. அதை அப்பால் கொண்டுபோனவர்கள் அந்தத் தமிழ்ப் பெண்களே.

அந்த வீட்டில் இன்னும் சிலர் இருந்தார்கள். சமைத்தவர்கள், தண்ணி அள்ளியவர்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஆயாமார். ஹரியற் வின்ஸ்லோவின் வம்சத்தை இன்று எங்களால் தேடிப் பிடிக்கலாம். அவரின் மகளுடைய பேரன்மார்தான் 1950களில் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸும், சிஐஏயை நடத்திய அலன் டலஸும். அந்த மகளை உடுவிலில் தூக்கி வைத்திருந்த ஆயாவின் பெயரைச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

2024இல் உடுவில் பாடசாலைக்கு 200 வருடமாயிற்று. யார் எங்களுக்குக் கல்வி ‘தந்தார்கள்’ என்ற கேள்வியை இத்தனை காலமும் கேட்டாயிற்று. அந்தக் கல்விக்காக யாருடைய உழைப்பு, யாருடைய பெயர், யாருடைய பிள்ளைகள் கொடுபட்டன என்பதையும் இனிச் சேர்த்துக் கேட்க வேணும். பழைய தேவாலயப் பதிவேடுகளும் கல்லறைக் கற்களும் எங்கட வீடுகளில் கிடக்கும் பழைய குடும்பப் பைபிள்களின் முன்பக்கங்களும் அதுக்கு நல்ல தொடக்கம். அம்மம்மாவின் அம்மா எங்கே படித்தவ, அவவுக்கு யார் என்ன பெயர் வைத்தது என்று வீட்டில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.