தோல் கழிவுநீரில் இருந்து உப்பைப் பிரிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? பாலாற்றுப் பகுதி பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குவது எப்படி?

மழை பெய்து பாலாற்றில் தண்ணீர் வந்தாலே, ஆம்பூர் அருகே மாராப்பட்டு பகுதியில் வெள்ளை நுரை மிதக்கும் காட்சிகள் செய்திகளில் வருவது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "இவ்வளவு செலவு பண்ணி சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்காங்களே, அப்புறமும் ஏன் இப்படி?"

குடியாத்தம் நகரம் லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்றது. ஆனால், பக்கத்து ஊரான பேர்ணாம்பட்டில் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரை தோல் தொழில்தான் பிரதானம். குடியாத்தம் பக்கத்தில் இருந்தும் ஏராளமானோர் தோல், ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அதே தொழில்தான் இந்தப் பகுதியின் கிணற்றுத் தண்ணீரையும் கெடுத்தது. வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்ற இந்த இக்கட்டுக்குக் கண்டுபிடித்த வழிதான் பொது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அது எப்படி வேலை செய்கிறது, செலவு எங்கே கூடுகிறது என்று பார்க்கலாம்.

பொது சுத்திகரிப்பு நிலையம் என்றால் என்ன?

ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலையும் தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது பெரிய கம்பெனிகளுக்கு முடியும். நாலைந்து டிரம் வைத்து ஓட்டும் சின்ன கம்பெனிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் ஒரு பகுதியில் உள்ள ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அதன் மூலம் பொதுவான நிலையத்தை நடத்துகின்றன. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி என இந்தப் பகுதியில் பல ஊர்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் உள்ளன.

இதற்கு அரசும் பணம் தருகிறது. 1991இல் தொடங்கிய திட்டத்தின்படி, கட்டுமானச் செலவில் 25 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநில அரசு, மீதி ஆலைகளின் பங்கும் வங்கிக் கடனும். பின்னர் வந்த திட்டங்களில் அரசின் பங்கு இன்னும் கூடியது. ஆனால் கட்டிய பிறகு தினமும் ஓட்டும் செலவு ஆலைகளுடையது. அனுப்பும் கழிவுநீரின் அளவுக்கு ஏற்ப கட்டணம் கட்ட வேண்டும். கண்காணிப்பது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

ஒரு டன் தோலில் எவ்வளவு உப்பு?

ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, உரித்த சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்க மலிவான வழி உப்பு. கருவாட்டுக்குப் போடுவது போலத்தான். தோலின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை உப்பு போடுவது வழக்கம்.

ஆலைக்கு வந்ததும் அந்தத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு முடியை நீக்கி, சதையைச் சீவி, டிரம்மில் போட்டுப் பதனிடுகிறார்கள். ஒரு கிலோ தோலுக்கு மொத்தம் 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வரை செலவாகும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு டன் தோலுடன் 300 கிலோ உப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் 30,000 லிட்டர் தண்ணீரில் கரைந்தால், ஒரு லிட்டரில் 10 கிராம், அதாவது 10,000 மில்லிகிராம். ஆனால், வெளியேற்றும் நீரில் கரைந்திருக்கலாம் என வாரியம் அனுமதிக்கும் மொத்த அளவோ 2,100 மில்லிகிராம்தான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு சொல்லும் அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை.

குரோமியம் என்ன ஆகிறது?

அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுமையாகப் பதனிட்ட தோலும் தோல் பொருட்களும்தான் ஏற்றுமதியாக வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, வேகமாக வேலை முடியும் குரோமியம் முறை பரவியது.

டிரம்மில் போடும் குரோமியத்தில் பொதுவாக 60 முதல் 70 சதவீதத்தைத்தான் தோல் உறிஞ்சும். மீதி தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நல்ல செய்தி என்னவென்றால், இதைத் திரும்ப எடுப்பது கஷ்டமில்லை. குரோமியம் கலந்த தண்ணீரை மட்டும் தனிக் குழாயில் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த நீரை வடித்துவிட்டு, படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். காசு கொடுத்து வாங்கிய ரசாயனம் திரும்பக் கிடைப்பதால் ஆலைக்கும் லாபம். கழிவு மேலாண்மையில் செலவு குறையும் இடம் இதுதான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. குரோமியம் தண்ணீரை மற்ற தண்ணீரோடு கலக்கவிடக் கூடாது. கலந்துவிட்டால் அது கசடோடு சேர்ந்துவிடும். பிறகு அந்தக் கசடு முழுவதையும் அபாயகரமான கழிவாகப் பாவித்து, பிளாஸ்டிக் விரிப்பு போட்ட பாதுகாப்பான குழியில் காலமெல்லாம் வைத்திருக்க வேண்டியதுதான்.

ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவும் இதுவும் ஒன்றா என்று பலர் கேட்பார்கள். இல்லை. அது தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ரசாயன ஆலை 1990களில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு. அதில் இருப்பது அதிக நச்சுள்ள ஆறு இணைதிறன் குரோமியம். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதன் நச்சுத்தன்மை குறைவு, ஆனாலும் மண்ணிலும் நீரிலும் சேரவிடக் கூடாது.

பொது நிலையத்துக்குள் என்ன நடக்கிறது?

ஆலைகளில் இருந்து குழாய் வழியாக வரும் கழிவுநீர் முதலில் ஒரு பெரிய தொட்டியில் சேர்ந்து ஒன்றாகக் கலக்கிறது. பிறகு சுண்ணாம்பு, படிகாரம் போன்றவற்றைப் போட்டு மிதக்கும் அழுக்கைப் படியவைக்கிறார்கள். அடுத்து காற்று ஊதும் தொட்டி. அங்கே பாக்டீரியாக்கள், கரைந்திருக்கும் கொழுப்பு, புரதம் போன்றவற்றைத் தின்று தீர்க்கின்றன. துர்நாற்றமும் கருப்பு நிறமும் பெரும்பாலும் இங்கேயே போய்விடும்.

ஆனால் உப்பு? அது அப்படியே இருக்கும். பாக்டீரியா உப்பைத் தின்னாது. சுண்ணாம்பு போட்டாலும் படியாது. 1990களில் கட்டிய நிலையங்களின் பெரிய குறை இதுதான். தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது. ஆனால் உப்போடு வெளியே போனது. நெல்லோ தென்னையோ தாங்காத தண்ணீர் அது.

அதனால்தான் பின்னர், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற விதி வந்தது. ஆர்.ஓ. இயந்திரங்களும் ஆவியாக்கும் இயந்திரங்களும் சேர்க்கப்பட்டன.

செலவு எங்கே எகிறுகிறது?

வீட்டு ஆர்.ஓ. மெஷினைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வரும், இன்னொரு பக்கம் கழிவுத் தண்ணீர் போகும். இங்கேயும் அதேதான். 1 லட்சம் லிட்டர் உள்ளே போனால், நன்றாக இயங்கும் நிலையத்தில் 75,000 லிட்டர் வரை நல்ல நீராகத் திரும்ப ஆலைக்கே போகலாம். மீதி 25,000 லிட்டரில் மொத்த உப்பும் தங்கிவிடும்.

அந்த 25,000 லிட்டரை என்ன செய்வது? கொதிக்கவைத்து ஆவியாக்கித்தான் உப்பை எடுக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, கரன்ட் கணக்கில் சொன்னால், சுமார் 630 யூனிட் வெப்பம் தேவை. அதே ஆயிரம் லிட்டரை ஆர்.ஓ.வில் வடிகட்ட சில யூனிட்களே போதும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதைக் குறைக்கத்தான் பல அடுக்கு ஆவியாக்கி. முதல் கலனில் கிளம்பும் நீராவியை வைத்தே இரண்டாவது கலனைச் சூடாக்குவது, அதன் ஆவியை வைத்து மூன்றாவதை என்று தொடர் சங்கிலி. நான்கு அடுக்கு இருந்தால் எரிபொருள் ஏறக்குறைய கால்வாசியாகக் குறையும். அப்படியும் நிலையத்தின் செலவில் பெரும் பங்கு இந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் போகிறது. நள்ளிரவில் இந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு, திறந்துவிட்டால் மிச்சம் என்ற ஆசை பிறப்பதும் இங்கேதான்.

சரி, எடுத்த உப்பை விற்க முடியாதா? திருப்பூர் சாயக் கழிவில் ஓரளவு முடிகிறது. அங்கே சாயம் ஏற உப்பு தேவை என்பதால், மீட்ட உப்புநீர் மீண்டும் சாயப் பட்டறைக்கே போகிறது. தோல் கழிவில் கிடைப்பது பல உப்புகளும் அழுக்கும் கலந்த கலவை. வாங்க ஆள் இல்லை. மூட்டை மூட்டையாக அடுக்கி, மழை படாமல் காக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மலிவான வழி எது?

தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரிக்கத்தான் பணம் கொட்டுகிறது. கரைவதற்கு முன்பே எடுத்துவிட்டால் செலவு குறைவு. ஊறவைக்கும் முன் தோலை உதறி, தட்டி, ஒட்டியிருக்கும் உப்பை உதிர்ப்பது ஒரு வழி. மேலே சொன்ன கணக்கில், 300 கிலோவில் 50 கிலோவை உதறி எடுத்தால்கூட, ஆவியாக்கியில் பிரிக்க வேண்டிய உப்பில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதற்குக் கரன்ட் வேண்டாம், ஆள் இருந்தால் போதும்.

உப்பு அதிகமுள்ள முதல் ஊறல் தண்ணீரை மட்டும் தனியாகப் பிடித்து வெயிலில் காயவைப்பது இன்னொரு வழி. 1948இல் தொடங்கப்பட்ட, சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தண்ணீர் இல்லாமலே குரோமியம் பதனிடும் முறையையும் உருவாக்கியுள்ளது. தண்ணீர் குறைந்தால் சுத்திகரிக்க வேண்டிய அளவும் குறையும்.

யாரும் ஏமாற்றாமல் பார்ப்பது எப்படி?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல், தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொது சுத்திகரிப்பு நிலையங்களும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த உத்தரவிட்டது. கழிவுநீரே வெளியேற்றாத நிலையம் என்றால், மீட்டரும் கேமராவும் வேண்டும்.

உண்மையில் எளிய கணக்கே பல விஷயங்களைச் சொல்லிவிடும். ஆலை எவ்வளவு தண்ணீர் எடுத்தது, பொது நிலையத்துக்கு எவ்வளவு அனுப்பியது, கடைசியில் எத்தனை மூட்டை உப்பு வந்தது? இந்த மூன்றும் பொருந்தாவிட்டால், மீதித் தண்ணீர் வேறெங்கோ போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அலட்சியத்தின் விலை உயிராகவும் இருக்கலாம். 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட் பகுதி பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர். சல்ஃபைடு கலந்த கழிவில் அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதால், தொட்டிக்குள் ஆள் இறங்குவதும் ஆபத்து.

நீதிமன்றம் என்ன சொன்னது?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. மாசுபடுத்திய ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பாதிப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம், 2001இல் 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என நிர்ணயித்தது.

விவகாரம் அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, விடுபட்ட இழப்பீட்டை அரசு 6 வாரத்தில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க உத்தரவிட்டது. பாலாற்றைக் கண்காணிக்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது.

வீட்டுக் கிணற்றுக்கு என்ன செய்யலாம்?

கடையில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் உப்பு கூடுகிறதா என்பதைக் காட்டும். மழைக்கு முன்பும் பின்பும் அளந்து தேதியோடு குறித்து வைத்தால், புகார் கொடுக்கும்போது கைகொடுக்கும். ஆனால், அந்த மீட்டர் குரோமியத்தைக் காட்டாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனைதான் வழி. நுரை, நிற மாற்றம், துர்நாற்றம் தெரிந்தால் இடம், நேரத்தோடு புகைப்படம் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ, மாவட்ட ஆட்சியரின் குறைதீர்ப்பு நாள் கூட்டத்திலோ மனுவாகக் கொடுக்கலாம்.