கம்மந்தான் கான்சாகிபு

வாளேந்திய எல்லோரும் நாடாளத் தெரிந்தவர்கள் அல்லர். கோட்டைகளைப் பிடித்த கைகள் கண்மாய்க் கரையை உயர்த்த மறந்துவிடுவதுண்டு. இரண்டும் தெரிந்த ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் மதுரைச் சீமையை ஆண்டார். அவர்தான் யூசுப்கான். நாட்டுப்பாடல் அவரைக் கான்சாகிபு என்று கொண்டாடும்.

இராமநாதபுரம் சீமையில் பனையூரில் வேளாளர் குடியில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவிச் சிப்பாய் ஆனவர். திருச்சி முற்றுகையில் காட்டிய தீரத்துக்காகக் கும்பினியார் தங்கப் பதக்கம் அளித்தனர். தங்கள் சிப்பாய்கள் அனைவருக்கும் கம்மந்தான் ஆக்கினர். 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே நின்று அவன் படைக்கு உணவு வராமல் தடுத்தவர் இவரே.

1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய்க் குத்தகைக்கு அவரிடம் வந்தன. கண்மாய்கள் செப்பனிடப்பட்டன. நெசவாளிகளுக்கு ஆதரவு கிடைத்தது. நின்றுபோன மீனாட்சியம்மன் கோயில் மானியம் மீண்டும் கோயிலுக்கே சேர்ந்தது. அவருடைய நீதியைக் கர்னல் புல்லார்ட்டன் என்ற ஆங்கிலத் தளபதியே பின்னாளில் மெச்சி எழுதினார்.

ஆனால் நேயர்களே, நாம் விரும்பாத பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும். கும்பினியை எதிர்த்து நின்ற பூலித்தேவரின் நெற்கட்டான்செவலை 1761-ல் வீழ்த்தியவரும் இதே யூசுப்கான்தான்!

சீமை செழித்ததும் ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்குப் பொறாமை மூண்டது. குத்தகையைக் கூட்டித் தருவதாகச் சொல்லியும் பயனில்லை. நவாபுக்கு அடங்க மறுத்து, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார் யூசுப்கான். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அதே 1763-ல் பாரிஸில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து, முகமது அலியையே நவாபாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அவரால் அடக்கப்பட்ட பாளையங்கள் பலவும் துணைக்கு வரவில்லை. வருவதற்கு அவற்றுக்கு என்ன காரணம் இருந்தது?

தனியாகவே போராடினார். முதல் முற்றுகை மதுரையை வெல்லாமலே கலைந்தது. 1764 ஜூன் மாதத் தாக்குதலில் மேஜர் பிரஸ்டன் படுகாயமடைந்து இறந்தான். பீரங்கியால் முடியாததைப் பசியும் துரோகமும் முடித்தன. அக்டோபர் 13-ஆம் தேதி தொழுகையில் இருந்தவரைச் சொந்தத் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரன் மார்ச்சந்தும் பிடித்துக் கட்டினார்கள். இரண்டு நாள் கழித்துத் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கம் இருக்கிறது.

அவர் தியாகியா, துரோகியா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அந்நியனுக்காக அண்டை வீட்டை இடித்தவன், தன் வீட்டில் தீப்பற்றும்போது தண்ணீர் கொண்டுவர ஆளின்றி நிற்பான். யூசுப்கானின் வீழ்ச்சி சொல்லும் பாடம் இது. ஆயினும் நாடு நன்றியை மறந்துவிடவில்லை. மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும், திருவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கான்சாபுரமும் இன்னும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.