குறி சொல்லும் கருவி

செஞ்சி ராஜகிரியின் அடிவாரத்தில் குதிரை லாயங்கள் இன்றும் நிற்கின்றன. தேசிங்குராஜன் 1714இல் போரில் மடிந்த காலத்தில் குதிரையின் நோயைப் பார்த்தும் தொட்டுமே அறிந்தனர். இன்று அவ்வூரில் ஓடும் கார் தன் நோயைத் தானே குறித்து வைக்கிறது. அக்குறிப்பைப் படிக்கும் கருவி எளியோர் கைக்கு எட்டிய வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

முன்பு நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடு வேறு, கருவியும் வேறு. காற்று மாசைக் குறைக்க முனைந்த அமெரிக்கா, 1996 முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் ஓபிடி-2 என்னும் பொதுமுறையையும் 16 முனை இணைப்பானையும் கட்டாயமாக்கியது. இந்தியாவில் பாரத் நிலை 4 கார்களுக்கு அது 2013 ஏப்ரலில் வந்தது. புகைக்காகப் பிறந்த சட்டம் பழுதறியும் உரிமையையும் உடைமையாளருக்குத் தந்தது.

கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஈஎல்எம்327 சில்லின் மலிவு நகல்களே சந்தையில் மிகுதி. அவை எஞ்சின் குறியீடுகளைச் செல்பேசியில் காட்டும்; ஏபிஎஸ், காற்றுப்பைப் பழுதுகளைப் பெரும்பாலும் காட்டா. வீட்டு வாசலில் பழுது பார்ப்பவர்க்கு அதுவே போதும். ஆனால் ஓடும் எஞ்சினின் அளவுகளையும் அது காட்ட வேண்டும்.

ஏனெனில் பி0171 என்னும் குறி, எரிபொருளுக்கு மிஞ்சிய காற்று என்று மட்டுமே சொல்லும். காரணம் வெடித்த ரப்பர்க் குழாயாகவும் இருக்கலாம், பழுதான உணரியாகவும் இருக்கலாம். குறியைக் கண்டதும் உணரியை மாற்றுவோர் வீணே பொருள் இழப்பர். கருவி சொல்வது அறிகுறியே. நோய்முதலைத் தேடுவது நம் பொறுப்பு.