வாசலில் மறுக்கும் உரிமை: தமிழகத்தில் சந்தாப் பெட்டி வணிகம் வளர்ந்த வழி

முன்பணம் கட்டினால் மாதந்தோறும் வீடு தேடி ஒரு பெட்டி வரும் வணிகத்தை, 2010இல் நியூயார்க்கில் தொடங்கிய பர்ச்பாக்ஸிலிருந்து பேசத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. தமிழகத்தின் பதிப்பு வரலாற்றையும் அஞ்சல் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் இதன் வேர் நூற்றாண்டுக்கும் அப்பால் போகிறது. பொருள் வந்து சேருமுன் யார் யாரை நம்பவேண்டும், பிடிக்காதபோது விலகும் உரிமை யாருக்கு என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடைதான் இவ்வணிகத்தின் வரலாறு என்பது என் கருத்து.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சுச் செலவுக்குக் கைம்முதல் போதாத நிலையில், நூலுக்கு ஆதரவு தருவதாக அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். வாங்குவோரின் வாக்கையே முதலாகக் கொண்ட அந்த முயற்சி, பின்வந்த சந்தா முறைகளுக்கெல்லாம் நெருங்கிய உறவு. ஆனால் அது ஆசிரியரின் நேர்ப்பழக்கத்தைத் தாண்டிப் பரவ இயலாதது.

முகமறியாத ஊர்களுக்கு வணிகத்தைக் கொண்டுபோனது அஞ்சல் துறை. இந்தியாவில் 1877இல் வி.பி.பி. முறையும் 1880இல் அஞ்சல் மணியார்டரும் வந்தன. வி.பி.பி.யில் தபால்காரர் பார்சலைக் கொடுத்து, விலையை வாசலிலேயே வாங்கி, அனுப்பியவருக்குச் சேர்ப்பித்தார். வேண்டாமென்றால் பார்சல் திரும்பிவிடும். அந்த நட்டம் விற்றவருடையது. தபால் வழியே விற்றவர்களுள் ஒருவர் எஸ்.எஸ்.வாசன். அந்தப் பெயரைத் தமிழர்கள் பத்திரிகையோடும் ஜெமினி ஸ்டூடியோவோடும் சேர்த்தே நினைக்கிறார்கள். அதற்கு முன்பே அவர் சென்னையில் தபால் வழி வணிகமும் விளம்பரத் தொழிலும் நடத்தியவர். 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ஆனந்த விகடனை அவர் 1928இல் வாங்கினார். தபாலில் பொருள் விற்ற அனுபவமே வாசகரின் நாடி பிடிக்க அவருக்குக் கைகொடுத்தது என்று கருத இடமிருக்கிறது.

விகடன் பிறந்த அதே 1926இல் அமெரிக்காவில் ஹாரி ஷெர்மன் ‘புக் ஆஃப் தி மந்த் கிளப்’ தொடங்கினார். உறுப்பினர் ‘வேண்டாம்’ என்று எழுதி அனுப்பாவிட்டால் அந்த மாதப் புத்தகம் வந்துவிடும் என்பது அதன் அடிப்படை விதியாக நிலைபெற்றது. இங்கே மௌனம் சம்மதம்; மறதியும் விற்பவருக்கு வருமானம். வி.பி.பி. வாசலில் சும்மா இருந்தால் எதுவும் நடக்காது. பணம் எடுத்துக் கொடுத்தால்தான் பொருள். இந்த வேறுபாட்டை வணிக வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பேசவில்லை என்பேன்.

இணையக் காலத்தில் தமிழகத்தின் தெளிவான எடுத்துக்காட்டு, 2013இல் சென்னையில் தொடங்கிய ஃபிளிண்டோபாக்ஸ். அருண்பிரசாத் துரைராஜ், விஜய்பாபு காந்தி, ஸ்ரீநிதி ஸ்ரீரங்கம் ஆகியோர் இதை நிறுவினர். குழந்தையின் வயதுக்கேற்ப ஒவ்வொரு மாதமும் ஒரு கருப்பொருளில் செய்துபார்க்கும் விளையாட்டுகள் பெட்டியில் வரும். சில மாதங்களுக்கான தொகையைப் பெற்றோர் முன்பே கட்டுவர். பிள்ளை வளர்கிறது என்பதே அடுத்த பெட்டிக்கான காரணம். ஆனால் அதே பிள்ளை வளர்ந்து ஒருநாள் பெட்டியைக் கடந்தும் போய்விடும். ஆகவே புதிய பெற்றோரைத் தேடும் செலவு ஓய்வதே இல்லை. நிறுவனம் மழலையர் பள்ளிகளுக்கான பாடத்திட்டத்துக்கும், 2020இல் பள்ளிகள் மூடியபோது வீட்டுவழி வகுப்புக்கும் விரிந்ததை இந்த நெருக்கடியோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

அதே 2020இல் யு.பி.ஐ. ஆட்டோபே வந்தது. கணக்கிலிருந்து பணம் தானாகவே நகரும் வசதி ஷெர்மனின் மௌன சம்மதத்தை இங்கும் கொண்டுவந்திருக்கும். ஆனால் தொடர் பற்றுகளுக்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி, 2021 அக்டோபர் முதல் அட்டைகள் மீது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. வி.பி.பி. வாசலில் இருந்த மறுக்கும் உரிமை இதனால் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. நிறுவனங்கள் அப்போது முணுமுணுத்தன; விதியின் பக்கமே நியாயம் இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டக் கோட்டைப்பட்டினம் போன்ற ஒரு கடற்கரை ஊர் கருவாட்டுப் பெட்டியோடு இந்த வணிகத்தில் இறங்கினால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர் வழியாகவே போவதால் கூரியர் பெரும் தடையில்லை. கருவாடும் காய்ந்த இறாலும் எடை குறைந்தவை, கெடாமல் நாள் தாங்குபவை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் மணம் கசியாத உறையும் இருந்தால் மும்பை வரை போகும். தடை கடலில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாக் நீரிணையில் மற்ற மாதங்களிலும் வாரத்தின் சில நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. பங்குனியில் காயவைத்ததைச் சேமித்து வைத்துத் தடைக்காலத்தில் அனுப்பலாம்; அதற்கு முன்கூட்டியே முதலும் கிடங்கும் வேண்டும். இல்லையேல் பத்து மாதச் சந்தா என்று முதல் நாளே அறிவித்து, பத்து மாதத்துக்கு மட்டும் பணம் வாங்கவேண்டும். சிறு முதலோடு தொடங்குபவருக்கு இரண்டாவது வழியே ஏற்றது.