உண்ணும் நேரமும் உடன் உண்பவரும்



நம் இல்லங்களில் பெரும்பாலும் உணவருந்தும் இடத்தில் நம் ஆண்டவரின் கடைசி இராவுணவுப் படம் ஒன்று தொங்குவதைக் காணலாம். இத்தாலி நாட்டு மிலான் நகரில், புனித சாமிநாதர் சபைத் துறவிகளின் உணவறைச் சுவரில் 1495 முதல் 1498 வரை லியோனார்டோ டா வின்சி தீட்டிய ஓவியத்தின் சாயலே அது. நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, வரிசையாய் அமர்ந்த சீடர்கள். துறவிகள் தாம் உண்ணும் மேசையையே ஓவியத்திலும் கண்டார்கள். ஆனால் நம் ஆண்டவர் அன்றிரவு அப்படி அமர்ந்து உண்ணவில்லை.

அக்காலத்து விருந்துகளில் தாழ்ந்த மெத்தைகள் மீது இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, வலக் கையால் உண்பதே வழக்கம். கால்கள் பின்புறம் நீண்டிருக்கும். பாவியான பெண் பின்னால் நின்று ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்ததும், அருளப்பர் அவர் மார்பில் சாய்ந்ததும் எப்படி என்று இப்போது விளங்கும். அடிமைகள் நின்றுகொண்டு உண்பர், விடுதலை பெற்றவரோ சாய்ந்து உண்பர். ஆகவே பாஸ்கா இரவில் ஏழையும் சாய்ந்தே உண்ண வேண்டும் என்று யூத மறை அறிஞர்கள் விதித்தனர்.

உண்ணும் முறை மட்டுமல்ல, நேரமும் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறுபடும். பழைய உரோமையர் காலையில் சிறிது ரொட்டியும் நண்பகலில் எளிய உணவும் கொண்டனர். பகலின் ஒன்பதாம் மணியளவில், அதாவது பிற்பகல் மூன்று மணியை ஒட்டித்தான் அவர்களது பெரிய உணவு தொடங்கும். கி.பி. 530 வாக்கில் துறவிகளுக்குச் சட்டம் வகுத்த புனித ஆசீர்வாதப்பர், உணவு வேளையைத் திருவழிபாட்டுக் காலத்தோடு இணைத்தார். பாஸ்கா காலத்தில் நண்பகலில் உணவு, மாலையில் மற்றொரு சிற்றுணவு. செப்டம்பர் 13 முதல் தவக்காலம் வரை ஒன்பதாம் மணிக்கு ஒரே வேளை. தவக்காலத்தில் மாலைச் செபத்திற்குப் பின்னரே, அதுவும் விளக்கேற்றத் தேவையில்லாத வெளிச்சத்தில் முடிக்க வேண்டும். உண்ணும்போது ஒருவர் நூல் வாசிப்பார்; மற்றவர் பேசக் கூடாது.

இந்த ஒன்பதாம் மணிச் செபத்தை இலத்தீனில் 'நோனா' என்பர். காலப்போக்கில் அச்செபமும் அதைத் தொடர்ந்த உணவும் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தன. பதினான்காம் நூற்றாண்டளவில் அந்தச் சொல்லே ஆங்கிலத்தில் 'நூன்' என்று பகல் பன்னிரண்டு மணியைக் குறிக்கலாயிற்று. துறவிகளின் பசி கடிகாரத்தையே நகர்த்திவிட்டது போலும்!

நம்மிடமும் இத்தகைய சொற்கள் உண்டு. 'ஒருசந்தி' என்றால் ஒரு வேளை உணவு; 'சுத்தபோசனம்' என்றால் இறைச்சி விலக்கிய உணவு. என் பாட்டி காலத்தில் நற்கருணை வாங்குவோர் நள்ளிரவு முதல் ஒரு துளி தண்ணீரும் அருந்தமாட்டார்கள். பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1953-இல் தண்ணீருக்கு அனுமதி அளித்தார். 1957-இல் உபவாசத்தை மூன்று மணி நேரமாக்கினார். 1964-இல் 6-ஆம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். விடியற்காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு ஓடிவந்து கஞ்சி குடித்த தலைமுறை ஒன்று இருந்தது. மாலைப் பூசைக்கு வரும் தலைமுறை வேறு. திருச்சபையே உணவு நேரத்தை இப்படி மாற்றியிருக்கிறது என்றால், நேரமும் முறையும் மாறக்கூடியவையே என்பது தெளிவு.

அப்படியானால் எது மாறக் கூடாதது?

உரோமையர் விருந்துக்கு மீண்டும் செல்வோம். மூன்று மெத்தைகள், மெத்தைக்கு மூவர் என ஒன்பது பேரே ஓர் உணவறையில் சாய்ந்திருக்க முடியும். யார் எந்த இடத்தில் என்பது அவரவர் தகுதியைக் காட்டும். முதல் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த இளைய பிளினி என்னும் அதிகாரி, தாம் சென்ற ஒரு விருந்தைப் பற்றிக் கடிதத்தில் வருந்தி எழுதுகிறார். வீட்டுக்காரனுக்கும் சிலருக்கும் உயர்ந்த பண்டம், மற்றவர்க்கு மலிவானது. திராட்சை இரசத்திலும் மூன்று தரம். தம் வீட்டில் எல்லார்க்கும் ஒரே இரசம். விடுதலை பெற்ற அடிமைகள் அருந்துவதையே தாமும் அருந்துவதாக அவர் கூறுகிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதை நினைவில் கொள்வோம்.

அதே உரோமைப் பழக்கம் கொரிந்து நகரத்துத் திருச்சபைக்குள்ளும் புகுந்தது. வசதி படைத்தோர் முன்னதாக வந்து தம் உணவை உண்டு முடிப்பர். உழைத்துவிட்டுத் தாமதமாய் வரும் எளியோர் பசித்திருப்பர். புனித சின்னப்பர் இதைக் கேள்வியுற்று எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை அவரது முதல் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். அதன் இறுதியில் அவர் கூறும் பரிகாரம் மிக எளியது: ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

அந்தியோக்கியாவில் புனித இராயப்பரே தவறினார். புற இனத்தாரோடு உண்டுவந்த அவர், யெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி அப்பந்தியை விட்டு ஒதுங்கினார். சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்துப் பேசினார். திருச்சபையின் தொடக்க காலத்துப் பெரிய சச்சரவுகளில் ஒன்று பந்தியில் எழுந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

நம் நாட்டு வரலாறும் இதற்கு விலக்கன்று. 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர், இறைச்சியை நீக்கி, சோறும் காய்கறியும் பாலும் கொண்டு ஒரு வேளை மட்டும் உண்டார். மக்களின் பண்பாட்டை மதித்த அவர் தியாகம் பெரிது. ஆயினும் அதற்காக அவர் அதே ஊரில் இருந்த தம் சேசு சபைச் சகோதரரை விட்டுத் தனி வீட்டில், தனிச் சமையலில் வாழ நேர்ந்தது. 1640 முதல் பிற சாதியாரிடையே உழைத்த பண்டாரசுவாமிகளும், சந்நியாசக் கோலம் பூண்ட குருக்களும் பிறர் காணச் சேர்ந்து உண்ண இயலாதிருந்தது. ஒரே பீடத்தின் குருக்களுக்கு இரண்டு பந்தி! நற்செய்திக்காக ஏற்ற அந்த முறை, நற்செய்தி மாற்ற வேண்டியதை மாற்றாமலும் விட்டது.

பிறர் நமக்குக் கற்பிக்கவும் கூடும். குரு நானக் (1469-1539) தொடங்கிய சீக்கியரின் லங்கர் பந்தியில் அரசனும் ஆண்டியும் தரையில் ஒரே வரிசையில் அமர வேண்டும். அமிர்தசரஸ் பொற்கோவிலில் இன்றும் நாள்தோறும் பல்லாயிரம் பேர் அவ்வாறு உண்கின்றனர். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து, 'இஞ்சேரா' என்னும் புளித்த மாவு அப்பத்தைப் பிட்டு, முதல் கவளத்தை அடுத்தவர் வாயில் ஊட்டுவர். ஊட்டுவது அன்பின் அடையாளம். அதை மறுப்பது மரியாதைக் குறைவு.

இனி என் குற்றம் ஒன்றைக் கூறுகிறேன். நான் இளம் உதவிக் குருவாயிருந்தபோது ஒரு சிற்றூரில் திருவிழா. பூசை முடிந்து அசனம். என்னையும் ஊர்ப் பெரியவர்களையும் பந்தலுக்குள் அமர்த்தி இலை போட்டார்கள். வெளியே புளியமரத்தடியில் வேறொரு தெருவினர், வேறொரு அண்டா. முந்தின இரவு சப்பரம் சுமந்த முதியவர் ஒருவர் அலுமினியத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். காரணமும் புரிந்தது. அன்று காலைதான் ஒரே அப்பத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்திருந்தேன். ஆயினும் எழுந்திருக்கவில்லை, உண்டு முடித்தேன். அவர் எப்போது உண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொரிந்தியர் நிருபத்தின் அந்தப் பகுதி வாசிக்கப்படும் ஒவ்வொரு பெரிய வியாழனன்றும் அந்தத் தட்டு என் கண்முன் வருகிறது.

நம் பங்கின் பொன் விழா அசனத்துக்கு ஒரே உலை, ஒரே பந்தி என்று பங்குப் பேரவை தீர்மானித்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. புனித ஆசீர்வாதப்பரின் மடங்களில் துறவிகள் வாரமுறை வைத்துச் சமையலறையில் பணி செய்வர். வார முடிவில் எல்லாருடைய பாதங்களையும் கழுவுவர். அந்த முன்மாதிரியைப் பின்பற்றி, குருக்களாகிய நாங்களும் பேரவை உறுப்பினரும் அன்று பரிமாறுவோம். கடைசிப் பந்தியில் உண்போம். வேலை முடிந்து தாமதமாய் வருவோர் தயங்காமல் வாருங்கள். சோறு இருக்கும், காத்திருப்போம். யாரும் நின்றுகொண்டு உண்ண வேண்டாம்.

இறைவன் நம் பங்கையும், நம் வீட்டு அடுப்புகளையும் ஆசீர்வதிப்பாராக!