பிஃபோர் தி டான்

பிஃபோர் தி டான் (விடியலுக்கு முன்) என்பது ஆங்கிலேயப் பாடகியும் பாடலாசிரியருமான கேட் புஷ் லண்டன் ஹேமர்ஸ்மித் அப்பல்லோ அரங்கில் நடத்திய இசை நாடக நிகழ்ச்சி. 2014 ஆகஸ்ட் 26 முதல் அக்டோபர் 1 வரை 22 இரவுகள் நடைபெற்றது. 35 ஆண்டுகளுக்குப் பின் அவர் நடத்திய முதல் கச்சேரித் தொடர் இது.

பின்னணி

1978-இல் ‘வதரிங் ஹைட்ஸ்’ பாடலின் மூலம் கேட் புஷ் பிரிட்டனில் புகழ்பெற்றார். 1979-இல் அவர் மேற்கொண்ட இசைப் பயணத்தில் பாட்டோடு நடனமும் அபிநயமும் மாயவித்தையும் கலந்திருந்தன. கைகளை வீசி ஆடியபடியே பாடுவதற்காக, வளைத்த ஹேங்கர் கம்பியில் மைக் பொருத்தப்பட்ட கருவியைத் தலையில் அணிந்துகொண்டார். அதன்பின் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே தம் கவனத்தைச் செலுத்தினார். 2014 மார்ச்சில் ‘பிஃபோர் தி டான்’ தொடரின் 15 நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டன. பின்னர் மேலும் 7 சேர்க்கப்பட்டன. டிக்கெட்டுகள் அனைத்தும் 15 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன.

அமைப்பு

நிகழ்ச்சி மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி வழக்கமான கச்சேரி போலத் தொடங்கி, ‘கிங் ஆஃப் தி மவுன்டன்’ பாடலில் புயலாக உருமாறும்.

இரண்டாம் பகுதி, 1985-இல் வெளியான ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தின் பின்பாதியான ‘தி நைன்த் வேவ்’. இரவில் கடலில் விழுந்த ஒரு பெண், மிதவை அங்கியின் சிறு விளக்கை மட்டும் நம்பி மீட்புக்காகக் காத்திருக்கிறாள்; குளிரும் சோர்வும் நினைவைக் குலைக்க, கனவும் நனவும் மயங்குகின்றன. இதற்கான திரைக்காட்சிகளில் கேட் புஷ் நீர்த்தொட்டியில் மிதந்தபடியே பாடினார். மீன் எலும்பு உருவங்கள் மேடையில் உலவின; மீட்பு ஹெலிகாப்டரின் ஒளிக்கற்றை பார்வையாளர்மீது பாய்ந்தது. இப்பகுதியின் உரையாடல்களில் நாவலாசிரியர் டேவிட் மிட்செல் பங்களித்தார்.

மூன்றாம் பகுதி, ‘ஏரியல்’ (2005) ஆல்பத்தின் ‘எ ஸ்கை ஆஃப் ஹனி’. கோடைக்காலப் பிற்பகலில் தொடங்கி, அந்தியும் இரவும் கடந்து விடியலில் முடியும் இதில் பறவைகளின் குரல் இசையோடு இழையும். நிறைவில் பாடகியே சிறகு விரித்து மேலெழுவார். முந்தைய பகுதியின் இருளுக்கும் அச்சத்துக்கும் இது மறுமொழியாக அமைந்தது.

பிறகு கேட் புஷ் தனியே பியானோ வாசித்து ‘அமங் ஏஞ்சல்ஸ்’ பாட, ‘கிளவுட்பஸ்டிங்’ பாடலுடன் நிகழ்ச்சி முடிவடையும். 1985-க்கு முந்தைய ஆல்பங்களின் பாடல்கள் இடம்பெறவில்லை.

கலைஞர்கள்

ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் முன்னாள் கலை இயக்குநர் ஏட்ரியன் நோபிள் கேட் புஷ்ஷுடன் இணைந்து இயக்கினார். ஒமர் ஹக்கீம் (டிரம்ஸ்), ஜான் கிப்லின் (பாஸ்), டேவிட் ரோட்ஸ் (கிட்டார்), மினோ சினேலு (தாளக் கருவிகள்) உள்ளிட்டோர் வாசித்தனர். குழுப் பாடகர்களும் வேடமேற்று நடித்தனர். அவர்களில் கேட் புஷ்ஷின் மகன் ஆல்பர்ட் மெக்கின்டாஷும் ஒருவர்.

வரவேற்பு

நிகழ்ச்சியின்போது படம் எடுக்க வேண்டாம் என்று கேட் புஷ் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். நிகழ்ச்சி தொடங்கிய வாரத்தில் அவருடைய எட்டு ஆல்பங்கள் ஒரே நேரத்தில் பிரிட்டனின் முதல் 40 இடங்களுக்குள் இருந்தன. அதற்குமுன் எந்தப் பாடகியும் இதை எட்டியதில்லை. ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாடக விருதுகளில் இதழாசிரியர் விருதும் அவருக்குக் கிடைத்தது. நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 2016 நவம்பரில் மூன்று குறுந்தட்டுகளாக வெளிவந்தது.