300க்கு வாங்கி 450இல் ஓட்டினவர்கள்

கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற எங்களுக்கு மதர்போர்டோட என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். ஒரு கொம்பியூட்டரின் வேகத்தைத் தீர்மானிக்கிறது ஆர், செய்தவனா வாங்கினவனா? இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1998 ஓகஸ்ட் 24ஆம் திகதி இன்டெல் புதிய புரொசசர்களை ஒரே நேரத்தில் வெளியிட்டது. பென்டியம் II 450இன் மொத்த விற்பனை விலை 669 டொலர். செலரோன் 300ஏ வெறும் 149 டொலர். 450 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கும் 300 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கும் இடையில் இவ்வளவு விலை வித்தியாசம்.

கணக்கு என்னவென்றால், புரொசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கம். இரண்டு சிப்புக்கும் பெருக்கி 4.5தான். அதை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. மற்ற எண்ணான பஸ் வேகம் மதர்போர்டின் கையில் இருந்தது. செலரோனுக்கு 66, பென்டியத்துக்கு 100. அந்த 66ஐ 100 ஆக்கினால் செலரோனும் 450இல் ஓடும். கனபேருக்கு ஓடியது. சிப்புக்குள்ளேயே இருந்த 128 கிலோபைட் கேஷும் முழு வேகத்தில் ஓடியதால், விளையாட்டுகளில் அது பென்டியத்துக்குக் கிட்ட வந்து நின்றது.

முன்பு இதுக்கெல்லாம் பெட்டியைத் திறந்து ஜம்பர்களை மாற்ற வேண்டும். ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 மதர்போர்டில் அந்த வேலை பயோஸ் திரைக்குள் வந்துவிட்டது. பஸ் வேகம், வோல்ட்டேஜ் இரண்டையும் விசைப்பலகையாலேயே மாற்றலாம். அந்த வசதி இல்லாத போர்டுக்காரர்கள் சிப்பின் பி21 என்ற தொடுமுனையை டேப் ஒட்டி மறைத்தார்கள். அப்போது போர்டு அதை 100 சிப் எண்டு நம்பிவிடும்!

எல்லாச் சிப்பும் சொல்வழி கேட்கவில்லை. சிலது விண்டோஸ் ஏறும்போதே உறைந்துபோகும். அப்போது 2.0 வோல்ட்டை 2.1, 2.2 எண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஆனால் வெப்பம் வோல்ட்டேஜின் வர்க்கத்தோட கூடும். அதே வேகத்திலேயே 2.0இலிருந்து 2.2க்குப் போனால் மின்செலவு 21 வீதம் ஏறும். பெரிய விசிறி இல்லாமல் வோல்ட்டேஜை மட்டும் ஏற்றினவர்களுக்கு நோய் மாறியதே தவிர தீரவில்லை.

இன்னொரு பொறியும் இருந்தது. 100 வேண்டாம், 83 போதும் எண்டு அடக்கமாகப் போனவர்கள்தான் சிலவேளை மாட்டினார்கள். 100இல் பிசிஐ பஸ் மூன்றில் ஒன்றாகி வழமையான 33இல் நிற்கும். 83இல் அது பாதியாகி 41.5க்கு ஏறும். புரொசசர் சுகமாக இருக்க, ஹார்ட் டிஸ்க் பிழைவிடும். அதனால் ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய், பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவந்து பார் என்பது அந்தத் தலைமுறையின் பாடமானது.

இப்ப 2024க்கு வருவம். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் பல, காரணமில்லாமல் நிலைகுலைந்தன. ஓவர்க்ளொக் செய்யாதவர்களுக்கும் இதே கதி. சில மதர்போர்டுகள் பெட்டியிலிருந்து வரும்போதே இன்டெல் பரிந்துரைத்த மின் எல்லைகளைத் தாண்டி அமைக்கப்பட்டிருந்தன. சிப்பின் மைக்ரோகோடும் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டது. ஓகஸ்டில் வந்த பயோஸ் திருத்தம் அதை 1.55 வோல்ட்டில் கட்டுப்படுத்தியது. ஆனால் ஏற்கனவே பழுதான சிப்பை அது திருத்தாது. உத்தரவாதக் காலத்தை இரண்டு வருடம் நீட்டத்தான் முடிந்தது.

1998இல் வோல்ட்டை ஏற்றினவனுக்குத் தான் என்ன செய்தான் எண்டு தெரியும். எரிந்தால் அது அவன்ட பொறுப்பு. 2024இல் ஏற்றினது ஆர் எண்டே வாங்கினவனுக்குத் தெரியாது. பழைய பாடத்தில் 'பழைய நிலைக்குத் திரும்பு' எண்ட பகுதி இங்க உதவாது, பிழை அந்த நிலையிலேயே இருந்தது.

ஆகவே புதுக் கொம்பியூட்டர் வாங்கினால், ஓவர்க்ளொக் செய்யிற எண்ணம் இல்லாவிட்டாலும் பயோஸுக்குள் ஒருக்கா போய்ப் பாருங்கோ. 'ஓட்டோ' எண்டு போட்டிருக்கிற இடத்தில எத்தனை வோல்ட் போகுது எண்டு தெரிஞ்சு வைச்சிருப்பம்.